அப்பாவிடம் சொல்லலாமா?



ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும் அந்த ஐந்து நிமிடப் பேச்சு உங்களில் பலருக்குப் பழக்கமானதாக இருக்கும். "பேஷன்ட் உள்ளேயே இருக்கட்டும், நீங்க மட்டும் கொஞ்சம் வாங்க" என்று டாக்டர் மகனையோ மருமகனையோ தனியே அழைப்பார். பயாப்சி ரிப்போர்ட் வந்திருக்கும். அவர் சொல்லி முடித்ததும் மகன் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு எது? பெரும்பாலும் இதுதான்: "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்."

அன்றிலிருந்து அந்த வீட்டின் பேச்சே மாறிவிடும். "வயித்துல சின்னப் புண்ணுதான்ப்பா, ஆறிடும்." கீமோவுக்குப் பெயர் சத்து டிரிப்ஸ். ரிப்போர்ட் ஃபைல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விடும். அப்பா இல்லாத ஒரு வாட்ஸ்அப் குரூப் உருவாகும். பார்க்க வருகிற சித்தப்பாவை வாசலிலேயே நிறுத்தி, "அவர் முன்னால அழுதுடாதீங்க" என்று சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு, "உடனே கிளம்பி வந்துடாதே. திடீர்னு வந்து நின்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும்" என்று தகவல் போகும். அவள் அங்கே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக் கிடப்பாள்.

சரி, அப்பாவுக்குத் தெரியாதா?

ஒரு குடும்பத்தை நாற்பது வருடம் நடத்திய மனிதர் அவர். பிள்ளைகள் முகம் வாடினால் காரணம் கண்டுபிடித்தவர். கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள அவருக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். தலைமுடி கொட்டுவதும், மனைவி சமையலறையில் மூக்கைச் சிந்துவதும் அவர் காதிலும் கண்ணிலும் படாமல் இருக்குமா? தெரியும். பெரும்பாலான வீடுகளில் நோயாளிக்கு எல்லாம் தெரியும். தனக்குத் தெரியும் என்பது தெரிந்துவிட்டால் பிள்ளைகள் உடைந்துபோவார்களே என்று அவரும் வாயைத் திறப்பதில்லை. ஒரே கூரைக்குக் கீழே எல்லோரும் ஒரே உண்மையைச் சுமக்கிறார்கள். யாரிடமும் இறக்கி வைக்க முடியவில்லை.

இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைக்கிறேன். மரணம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் வீட்டில் நடக்கப்போகிற விஷயத்தைப் பற்றி நாம்தானே பேச வேண்டும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறைப்பவர்கள் அன்பினால்தான் மறைக்கிறார்கள். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. "சொன்னா மனசு விட்டுப்போயிடும், மனசு விட்டா உடம்பும் விட்டுடும்" என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியது. அந்த மகனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. நாம் பயப்படுவது அப்பா தாங்கமாட்டார் என்றா, அவர் அழுவதை நம்மால் தாங்க முடியாது என்றா?

இந்த இடத்தில் யாராவது ஒருவர் திருக்குறளை எடுத்துப் போடுவார். பழுதில்லாத நன்மை கிடைக்கும் என்றால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே என்பார். வாய்மை அதிகாரத்தில் இரண்டாவது குறள் அது. ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இந்த அளவுக்குக் கைகொடுக்கும் குறள் வேறு இல்லை. அதற்கு அடுத்த குறளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. நெஞ்சறிந்து பொய் சொன்னால், சொன்னபின் அந்த நெஞ்சே சுடும் என்கிறார் அங்கே. இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பொய்க்கு அவர் வைத்த நிபந்தனை மிகக் கடுமையானது: வரும் நன்மையில் ஒரு குறைகூட இருக்கக் கூடாது. நாம் அப்பாவிடம் சொல்லும் பொய் அந்த நிபந்தனையைத் தாண்டுமா? அவர் போன பிறகு பல வருடங்கள் கழித்தும், "ஒரு வார்த்தை மனசு விட்டுப் பேசியிருக்கலாமே" என்று சுடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1886-ல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற குறுநாவலை முடிந்தால் படியுங்கள். நீதித்துறையில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவருக்கு, புது வீட்டில் திரைச்சீலை மாட்டும்போது தவறி விழுந்ததில் விலாவில் அடிபடுகிறது. அங்கிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்லப் படுக்கையில் விழுகிறார். வலி அவரை வாட்டுகிறது. ஆனால், அதைவிட அவரை வாட்டுவது சுற்றி இருப்பவர்களின் பொய். மனைவியும் டாக்டர்களும் நண்பர்களும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றே பேசுகிறார்கள். அவர் சாகப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த வீட்டில் பொய் சொல்லாத ஒரே ஆள், கெராசிம் என்ற வேலைக்காரப் பையன். எஜமானரின் கால்களை இரவெல்லாம் தன் தோள்மேல் தாங்கிக்கொள்கிறான். எல்லோரும் ஒருநாள் சாகப்போகிறவர்கள்தானே, இந்தச் சின்ன வேலை செய்ய எனக்கு என்ன கஷ்டம் என்பதுபோல் இயல்பாகப் பேசுகிறான். இவான் இலியிச்சுக்கு ஆறுதல் கிடைப்பது அவனிடம் மட்டும்தான்.

நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய ரஷ்யப் பணக்கார வீடு அது. திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் நம் வீட்டோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்க முடியுமா?

மறைப்பதால் என்ன போகிறது என்று பார்ப்போம். பணம், பத்திரம் எல்லாம் இருக்கட்டும், அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் போவது காலம். ஆறு மாதம்தான் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு மனிதர் என்ன செய்வார்? பதினைந்து வருடமாக வரப்புத் தகராறில் பேசாமல் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார். குலதெய்வம் கோயிலுக்கு ஒருமுறை போயிருப்பார். காதல் கல்யாணம் செய்துகொண்டதால் ஒதுக்கி வைத்த மகளின் குழந்தையைத் தூக்கிப் பார்த்திருப்பார். "என்னைக் கட்டிக்கிட்டு நீ ரொம்பக் கஷ்டப்பட்டுட்டே" என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். நம் ஆண்களில் பலர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலேயே போய்விடுகிறார்கள். "உடம்பு தேறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாம் தள்ளிப்போட வைத்ததெல்லாம் அந்த வார்த்தைகளைத்தான். அவருக்கே சொந்தமான அந்த ஆறு மாதத்தை அவரைக் கேட்காமல் நாம் எடுத்துக்கொண்டோம்.

அம்மாக்களின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே மறைப்பவர் நோயாளியேதான். மார்பில் கட்டி இருப்பது கை வைத்துப் பார்த்தபோதே தெரியும். "பொண்ணு கல்யாணம் முடியட்டும்", "பையனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை வருது", "மாமியாருக்கு ஆபரேஷன், வீட்ல ஆள் இல்லை" என்று நாளைத் தள்ளிக்கொண்டே போவார். வெளியே சொல்லும்போது கட்டி பெரிதாகி இருக்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. தன் வலியைச் சொல்வதே குடும்பத்துக்குச் செய்கிற இடைஞ்சல் என்று ஒரு பெண்ணை நினைக்க வைத்தது யார்? உண்மையைப் பேச முடியாத வீடு அம்மாவின் உயிரையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

அதற்காக, ரிப்போர்ட் வந்த அன்றே அப்பாவின் எதிரில் உட்கார்ந்து "உங்களுக்கு இத்தனை மாசம்தான்" என்று போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அது உண்மை பேசுவது இல்லை. நம் பாரத்தை அவர் தலையில் தூக்கிப் போடுவது. நல்ல டாக்டர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சொல்வதற்கு முன் கேட்பார்கள். "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று முதலில் கேட்பார்கள். "ரிப்போர்ட்ல இருக்கிறது முழுசா தெரியணுமா, இல்லை பிள்ளைகள்கிட்ட சொன்னா போதுமா?" என்று அடுத்துக் கேட்பார்கள். சிலர் "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கோங்க" என்பார்கள். அதுவும் அவர்கள் முடிவு, அதை மதிக்க வேண்டும். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அவர் நேராக "எனக்கு என்னப்பா?" என்று கேட்டுவிட்டால், அந்தக் கணத்தில் மட்டும் பொய் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்க அவருக்கு எத்தனை ராத்திரி யோசனை தேவைப்பட்டிருக்கும்!

நம் மக்கள் எப்போதும் மரணத்தைப் பார்த்து இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இல்லை. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலின் முதல் வரி தெரியாத தமிழர் இல்லை; மேடையில் முழங்குகிறோம், சுவரில் எழுதுகிறோம். அதே பாட்டின் உள்ளே, சாவு ஒன்றும் புதிதில்லை என்றும் அந்தப் புலவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? திருக்குறளில் நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பட்டினத்தாரும் சித்தர்களும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பாடினார்கள். கிராமத்தில் தொண்ணூறு வயதுப் பாட்டி போனால் கல்யாணச் சாவு என்று மேளம் வைத்து, பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்து அனுப்பினோம். ஒப்பாரி வைத்த பெண்கள், போனவரின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி அழுது தீர்த்தார்கள். குழந்தைகள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தன.

இப்போது தாத்தா ஐ.சி.யு.வில் இறக்கிறார். கண்ணாடிப் பெட்டியில் வீட்டுக்கு வருகிறார். குழந்தையைப் பக்கத்து ஃபிளாட்டில் விட்டுவிடுகிறோம். "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்கிறோம். ஊருக்குப் போனவர் ஏன் போன் பண்ணவில்லை, என்னிடம் ஏன் சொல்லாமல் போனார் என்று அந்தக் குழந்தை எத்தனை நாள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்குமோ! ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடியும்: "தாத்தா செத்துட்டார்டா கண்ணு. இனிமே வரமாட்டார். எங்களுக்கும் அழுகையா வருது." இதைச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு நாமும் அழுதால் குழந்தைக்கு எதுவும் ஆகிவிடாது.

திருவண்ணாமலை ரமண மகரிஷியை நீங்கள் ஆன்மிக வழியில் ஏற்கிறீர்களோ இல்லையோ, மரணத்தை அவர் எதிர்கொண்ட விதத்தை எல்லோருமே யோசித்துப் பார்க்கலாம். 1896-ல், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் அவருக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. உடம்புக்கு எந்த நோயும் இல்லை. யாரையும் கூப்பிடாமல், செத்தவரைப் போலக் கைகால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, இப்போது சாவது எது என்று உள்ளே பார்த்தார் அந்தப் பையன். சில வாரங்களில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். அது மகான்களுக்கான கதை என்று வைத்துக்கொள்வோம். எனக்கு முக்கியமாகப் படுவது ஐம்பத்து இரண்டு வருடம் கழித்து நடந்தது. 1948 இறுதியில் அவர் இடது கையில் புற்றுக்கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. கட்டி திரும்பத் திரும்ப வந்தது. கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள், அவரிடம் எதையும் மறைக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை, தன்னைப் பார்க்க வந்தவர்களைத் தடுக்க விடவில்லை. எல்லோராலும் ரமணராக முடியாது. ஆனால், தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று தானே சொல்லும் உரிமை நம் வீட்டு அப்பாவுக்கும் உண்டு அல்லவா?

அந்த உரிமையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. மீளவே முடியாத நிலை வந்தால் வென்டிலேட்டர் போன்ற கருவிகளால் உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று, நல்ல சுயநினைவோடு இருக்கும்போதே ஒருவர் எழுதி வைக்கலாம். 'லிவிங் வில்' என்று சொல்கிறார்களே, அதுதான். முதலில் இதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 2023 ஜனவரியில் நீதிமன்றமே நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும். நம்மால் பேச முடியாதபோது நம் சார்பில் முடிவு சொல்ல நம்பிக்கையானவர்கள் பெயரையும் அதில் குறிப்பிடலாம். எழுதி வைத்துவிட்டதாலேயே யாரோ ஒருவர் சட்டென்று கருவியைப் பிடுங்கிவிட முடியாது; டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுக்கும் கருணைக்கொலைக்கு இதில் இடமே கிடையாது.

இதில் நான் பெரிதாக நினைப்பது சட்டத்தைக்கூட இல்லை. ஐ.சி.யு. வாசலில் நிற்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். "தொடரலாமா, நிறுத்தலாமா, நீங்க சொல்லுங்க" என்று டாக்டர் கேட்கிறார். அண்ணன் ஒன்று சொல்கிறான், தங்கை ஒன்று சொல்கிறாள். "எல்லாம் செஞ்சு பாருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டால் ஊர் வாய் மூடும். நகை அடகுக்குப் போகும். அப்பா குழாய்களுக்கு நடுவே யாரையும் பார்க்க முடியாமல் கிடப்பார். "போதும்" என்று சொன்னவனுக்கோ, அப்பாவை நான்தான் கொன்றேனோ என்ற நினைப்பு வாழ்நாள் முழுக்க விடாது. அப்பா முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால், அந்தப் பாவப்பட்ட பிள்ளைகள் அவர் விருப்பத்தை நிறைவேற்றிய நிம்மதியோடு இருப்பார்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. குணப்படுத்த முடியாது என்றால் செய்ய ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. வலியைக் குறைக்கவும் மூச்சுத்திணறலைத் தணிக்கவும் புண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை என்று தனித்துறையே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பேலியேட்டிவ் கேர்' என்பார்கள். பக்கத்தில் கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய முயற்சி, பொதுமக்களே தொண்டர்களாக வந்து பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் இயக்கமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து செய்யும் இந்தச் சிகிச்சை இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். உலக அளவில் இந்தச் சிகிச்சை தேவைப்படுபவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புற்றுநோய் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் மாத்திரை என்றாலே பயப்படுபவர்களும் உண்டு. பயிற்சி பெற்ற டாக்டர் சொல்லும் அளவில் கொடுத்தால் அது அப்பாவுக்குத் தூக்கத்தையும் நாலு பேரிடம் சிரித்துப் பேசும் தெம்பையும் திருப்பிக் கொடுக்கும். ஆனால் இந்தச் சிகிச்சைக்குள் போக வேண்டுமென்றால், வீட்டில் உண்மையைப் பேசியாக வேண்டும். "சத்து டிரிப்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கதவைத் தட்ட முடியாது.

பத்திரம், பாஸ்புக் விஷயத்துக்கு வருகிறேன். உயில் எழுத ஸ்டாம்ப் பேப்பர்கூட வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் சட்டப்படி செல்லும். பதிவு செய்தால் இன்னும் நல்லது. எல்.ஐ.சி. பாலிசி எங்கே, யாருக்குக் கைமாற்றாகக் கொடுத்தது திரும்ப வர வேண்டும், நகை எந்த பேங்க்கில் இருக்கிறது என்பதெல்லாம் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணவர் போன பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு மஞ்சப்பையில் காகிதங்களோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

"வீட்ல விளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு இது, வாயைக் கழுவு" என்று பெரியவர்கள் திட்டலாம். திட்டட்டும். பெரும்பாலும் அந்தத் திட்டுக்குப் பின்னால், யாராவது கேட்கமாட்டார்களா என்று அவர்கள் காத்திருப்பார்கள். வயதானவர்களோடு பேசிப் பார்த்தால் தெரியும். சாவைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கூச்சம் குறைவு; நமக்குத்தான் அதிகம்.

அதனால் ஒரு வேண்டுகோள். உடம்பு நன்றாக இருக்கும்போதே, வரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டி.வி.யை நிறுத்திவிட்டு அம்மா அப்பாவிடம் உட்காருங்கள். "உங்களுக்கு ரொம்ப முடியாம போனா நாங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க? எங்கே இருக்கணும்னு ஆசை? யாரைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை இடையில் பேசாமல் கேளுங்கள். பிறகு உங்கள் விருப்பத்தையும் சொல்லுங்கள், ஏனென்றால் வரிசைப்படிதான் போவோம் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை. அந்தப் பேச்சு எப்படிப் போனது என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் வெளியிடுகிறோம். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்காக இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்